செம்மநத்தத்தில் உறைபனி விழும் களம்

செம்மநத்தம் வெங்கடாசலத்தின் சேவல் ஜப்பானுக்குப் போனது ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை காலையில். டிக்கெட் எடுக்கவில்லை, பாஸ்போர்ட்டும் கிடையாது. அவருடைய ஒரே மகள் சிவரஞ்சனி போனதுகூட முறைப்படி விமானத்தில்தான். தாய் காளியாயி இறந்த மறுவருசம், ஜப்பானின் வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்துப் போனாள். அங்கே அவள் ஊரார் அப்பன்மாருக்குச் சோறு ஊட்ட, இங்கே அவள் அப்பன் ஒரே தட்டில் தின்று, கழுவி, மறுபடி அதிலேயே தின்றுகொண்டிருந்தார்.

காப்பி விளையும் மலையூரான செம்மநத்தத்தில் செல்போன் சிக்னல், பலாமரத்தைத் தாண்டி மேலே இருக்கும் பாறையில் மட்டும் வரும். அதுவும் ஒரு மூச்சுக்குத்தான். மூச்சு முடிந்தால் லைன் அறுந்துவிடும், பிறகு அடுத்த ஞாயிறுதான். கம்பெனிக்காரர்கள் வந்து சோதித்து, ஆமாம், ஒரு மூச்சுதான் என்று உறுதிசெய்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். "நீயில்லாம ஊடு நொம்ப வெறிச்சுன்னு கெடக்குது சாமி, மனசு நோகுது, நாயிகூட..." என்பதற்குள் அறுந்துவிடும். நாய்க்கு என்ன ஆச்சோ என்று மகள் அந்த வாரம் முழுக்கத் தவித்தாள்.

அவள்தான் வழி கண்டுபிடித்தாள். இல்லத்துப் பெரியவர்கள் சாப்பாடானதும் மூன்று வரியில் பாட்டுக் கட்டுவார்களாம். ஹைக்கூ என்று பேராம். ஒரு மூச்சுக்குள் அடங்குமாம். வாரம் ஒரு மூச்சாக அப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "மூணு சின்ன வரிங்கப்பா. கண்ணுல காதுல பட்டதை மட்டும் சொல்லுங்க." அடுத்த வாரம், "என்ன காலம்னு தெரியறாப்பல ஒரு சொல்லு வேணும், மழையோ பூவோ." அதற்கடுத்த வாரம், "ரெண்டு சமாச்சாரத்தைப் பக்கத்துல பக்கத்துல வைங்க, நடுவுல கொஞ்சம் நிறுத்துங்க. நீங்க ஒட்ட வைக்காதீங்க, அதுவா ஒட்டிக்கும்." கடைசியாக, கொஞ்சம் கண்டிப்பாக, "மனசு நோகுதுன்னு மட்டும் சொல்லவே கூடாதுங்கப்பா." வேறு என்னத்தைத்தான் சொல்வது என்று அவர் கேட்டபோது லைன் அறுந்திருந்தது.

அந்த ஐப்பசிக் காலையில் அவர் பாறைமேல் நின்று முதல் பாட்டைச் சொன்னார்:

மூடுபனிக் காலை—
குரல் மட்டும் வருது
கூரைமேல் சேவல்.

இறங்கி வந்தால் கூரையில் சேவல் இல்லை. மறுவாரம் மகள், "சேவல் வந்துருச்சுங்கப்பா, நாலாவது மாடில நின்னு கூவுது, ஊட்டு ஓனர் திட்டறாரு" என்றாள். பாட்டு சரியாக அமைந்தால் அதில் சொன்ன பொருள் கிளம்பிவிடும் என்பது இப்படித்தான் தெரியவந்தது. துக்கத்தைக் கலந்தால் ஒரு துரும்பும் நகராது. பங்குனியில் கோடை மழை பெய்து விட்டதும் தோட்டத்துக் காப்பிப் பூவின் மணத்தை அனுப்பினார். பூ இருந்தது, மணம் இல்லை. தேனீக்கள் வந்து வட்டமடித்துவிட்டு, விலாசம் தவறியவர்கள் மாதிரி அடுத்த ஊரான கொட்டச்சேட்டுப் பக்கம் போயின. "ஏனுங்க, எல்லாத்தையும் அனுப்பிப்போட்டு நீங்க எதை மோந்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க?" என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி கேட்டாள்.

கார்த்திகையில் மகள், இல்லத்தில் இன்னும் அஞ்சு வருசம் இருக்கச் சொல்கிறார்கள், வருசக் கடைசிக்குள் பதில் சொல்லணும் என்றாள். வந்துரு சாமி என்று சொல்ல ஒரு மூச்சே அதிகம். ஆனால் அது காது வரைக்கும்தான் போகும், பாட்டென்றால் ஊடு வரைக்கும் போகும் என்று அவர் கணக்குப் போட்டார். அடுத்த ஞாயிறு பாறையேறி, கிளம்பும்போது கண்ணில் பட்டதைச் சொன்னார்:

காப்பிப் பழம் சிவந்தாச்சு—
ஆணியில் தொங்குது
உன் கூடை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. மகளுடையது என்று அங்கே மிஞ்சியிருந்தது அவள் பழம் பறித்த அந்தக் கூடை ஒன்றுதான். இப்போது ஆணி மட்டும் இருந்தது. அதில் வேறு எதையும் மாட்ட அவருக்குக் கை வரவில்லை.

மார்கழி நடுவில் மகள் சொன்னாள்: "கூடை வந்துச்சுங்கப்பா. இங்கயே இருக்கறேன்னு கையெழுத்துப் போட்டுட்டனுங்க." மூச்சில் இன்னும் மிச்சம் இருந்தது. இருவரும் அதைப் பேசாமலே செலவழித்தார்கள்.

அப்புறம் அவர் பாறைப் பக்கமே போகவில்லை. பொங்கலும் போயிற்று. தையில் ஒரு ஞாயிறு, "கோவம் புள்ள மேலயா, பாறை மேலயா? ஏறுங்க முதல்ல" என்று சின்னத்தாயி விரட்டிவிட்டாள். மகள் ஹலோகூடச் சொல்லவில்லை, நேரே பாட்டுத்தான்:

உறைபனி விழுந்தாச்சு—
வாசல் வரைக்கும்
என் காலடித் தடம்.

இறங்கி வந்தார். களத்தில் காயப்போட்டிருந்த காப்பிப் பழத்தின்மேல் கணுக்கால் உயரத்துக்கு உறைபனி கிடந்தது. அவர் களத்தில் மட்டும். சுற்றிலும் நல்ல வெயில். பழம் நனைந்தால் பூசணம் பிடிக்கும் என்று துடைப்பத்தை எடுத்துத் தள்ளத் தொடங்கினார். பாதியில் கை நின்றது. களத்தின் ஓரத்திலிருந்து வாசற்படி வரைக்கும் சின்னச் சின்னத் தடம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

சின்னத்தாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். "புள்ள வந்துட்டுப் போச்சுங்களா?"

"அப்படித்தான் தெரியுது."

அவள் நிதானமாகப் பார்த்தாள். "வந்த தடம்தானுங்க இருக்குது. போன தடத்தைக் காணமே."

வெங்கடாசலமும் பார்த்தார். "அதானே" என்று தடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போய், அடுப்பில் ரெண்டு டம்ளர் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.

அந்த வருசக் காப்பியில் பாதி பூசணம் பிடித்தது. அன்றிலிருந்து தை பிறந்தால் அந்தக் களத்தில் உறைபனி விழுகிறது. செம்மநத்தத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெங்கடாசலம் இப்போதெல்லாம் பழத்தைக் களத்தின் ஒரு பக்கமாகத்தான் காயப்போடுகிறார். மறுபக்கம் மகளின் நடைக்கு.