எதிர்மனுதாரர் வீட்டில் இல்லை

சம்மன்காரரிடமிருந்து தப்பியவர் எவரும் இல்லை என்பது அந்த நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். வழக்கு போட்டவர் மனுதாரர், போடப்பட்டவர் எதிர்மனுதாரர். எதிர்மனுதாரர் கையில் சம்மன் சேர்ந்தால்தான் வழக்கு ஓரடி நகரும். சேர்க்கிற வேலை அவருடையது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியவருக்குக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனைக் கட்டிலில் பொய்க் கட்டோடு படுத்திருந்தவருக்குக் கொடுத்திருக்கிறார். சவரக் கடை நாற்காலியில் பாதி முகம் நுரையோடு இருந்த ஒருவருக்கும் கொடுத்திருக்கிறார்.

"பாதிச் சவரத்துல எவனும் எழுந்து ஓட மாட்டான்" என்பது அவர் இயற்றிய முதல் சட்டம். "கையில பட்டா சர்வ் ஆன மாதிரி" என்பது இரண்டாவது. இரண்டையும் இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் குழம்பில் உப்பு போட மறந்தாலும் மறக்கும், இவை மறக்காது.

மனைவி கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். ஒரு திங்கட்கிழமை இரண்டு பைகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு வக்கீலிடம் போனாள்.

"அடிப்பாராம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்ல."

"குடி?"

"டீ மட்டும்."

"வேற சகவாசம்?"

"அதுக்கு ஏதுங்க நேரம்? ஊருக்கெல்லாம் சம்மன் குடுக்கவே பொழுது சரியா இருக்கு."

வக்கீல் பேனாவை மூடினார். "அப்ப ஜட்ஜுக்கு என்னன்னு எழுதட்டும்? தங்கமான மனுஷன், ஆகையால் விவாகரத்து வேணும்னா?"

"நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. அடிச்சாரு, ஒதச்சாருன்னு மட்டும் சேர்க்காதீங்க. நான் படிக்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் சொன்னாள். வக்கீல் அதற்கு மனக்கொடுமை என்று தலைப்பு வைத்தார். மனுவில் அது ஏழாவது பத்தி ஆனது. மனுவுக்கு எண் விழுந்து, சம்மன் தயாராகி, முத்திரை குத்தப்பட்டு, தலைமை எழுத்தர் மேசைக்கு வந்தது. அந்த நீதிமன்றத்துக்குச் சம்மன் கொடுப்பவர்கள் இரண்டு பேர். இன்னொருவரை ஓர் எதிர்மனுதாரரின் நாய் வரவேற்றதால் அவர் மருத்துவ விடுப்பில் இருந்தார்.

"அண்ணே, இது உங்க ஏரியா," என்று தலைமை எழுத்தர் உறையை நீட்டினார். நீட்டும்போது காற்றாடியைப் பார்த்துக்கொண்டார்.

சம்மன்காரர் உறையின் மேலிருந்த பெயரையும் விலாசத்தையும் படித்தார். எந்தச் சம்மனிலும் அவர் அதற்குமேல் படித்ததில்லை.

"இந்த ஆளை எனக்குத் தெரியும்," என்றார். "லேசுல சிக்க மாட்டான்."

சிக்கவில்லை. முதல் வாய்தாவுக்கு அவர் கொடுத்த அறிக்கை: 'நேரில் சென்றேன். வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் எதிர்மனுதாரர் பணி நிமித்தம் வெளியே சென்றிருப்பதாகத் தெரிந்தது.' இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இரண்டாம் வாய்தாவுக்கு: 'மூன்று முறை சென்றும் எதிர்மனுதாரர் வீட்டில் இல்லை.' மூன்றாம் வாய்தாவுக்கு, தொழில் நேர்மை மேலோங்க: 'எதிர்மனுதாரர் வேண்டுமென்றே தட்டிக்கழிப்பதாகச் சந்தேகிக்கிறேன்.'

ஒவ்வொரு வாய்தாவுக்கும் மனைவி அரைநாள் விடுப்பு எடுத்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டு ஹாலில் ஒரு சோபா அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அக்கா வீட்டுக்காரர் காலையில் பேப்பர் படிப்பதும் அதே சோபாவில்தான் என்பதால் தினமும் ஆறு மணிக்கே அவள் எழுந்துவிட வேண்டும். வழக்கு தொடங்கினால்தானே என்றைக்காவது முடியும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது அறிக்கையை நீதிபதி அம்மா இரண்டு தடவை படித்தார். "சம்மன் ஏன் இன்னும் சர்வ் ஆகல?"

"பார்ட்டி சிக்கலைங்க மேடம்," என்றார் சம்மன்காரர்.

"பார்ட்டி யாரு?"

சம்மன்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "நான்தாங்க மேடம்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இப்ப டூட்டியில இருக்கேன் மேடம். பார்ட்டியா இல்ல."

பின்வரிசையில் வேறு வழக்குக்காக வந்த ஒருவர் தன் கவலையை மறந்து சிரித்தார். "சம்மனை எடுத்துட்டு வாங்க. என் முன்னாடியே வாங்கிக்குங்க," என்றார் நீதிபதி. "ஆபீஸ்ல இருக்குங்க மேடம், ஒரே நிமிஷம்," என்று போனவர் அன்று மாலைவரை வரவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நீதிபதி மனைவியைப் பார்த்து, "நீங்களே நேரில் கொடுக்க அனுமதி தர்றேன்மா. வாங்கினதுக்குக் கையெழுத்து, சாட்சிக்கு ஒருத்தர். போதும்," என்று உத்தரவு எழுதினார். அவள் சம்மனையும் மனுவின் நகலையும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் சம்மன்காரர் பதினேழாம் எண் வீட்டுச் சம்மனைப் பதினொன்றாம் எண் வீட்டில் கொடுத்தார். யாரோ ஒருவருடைய சொத்துத் தகராறு வேறு யாரோ ஒருவருக்குப் போய், அந்த நல்ல மனிதர் மயக்கம் போட்டார். "கண்ணாடி போட்டுட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் வெளிவேலை கிடையாது," என்று தலைமை எழுத்தர் சொல்லிவிட்டார்.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் கட்டின மனைவி கண்ணாடிக் கடையில் இருக்கும்போது இன்னொரு கடையில் ஏறினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? தவிர, சம்மன் சர்வ் ஆகாதவரை விவாகரத்து வழக்கு பற்றிச் சட்டப்படி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை மனைவி அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது, அவ்வளவுதான்.

கடை வாசலில் நின்று முதலில் அவள் கைகளைப் பார்த்தார். பாம்பின் கால் பாம்பறியும். கைகள் காலியாக இருந்தன. உள்ளே வந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ஆச்சு. என்ன விஷயம்?"

"ஏழு ஒண்ணாத் தெரியுது."

"மூணு வருஷமாச் சொன்னேன், ஒரு நாள் கடைக்கு வாங்கன்னு."

"சொன்னியா?"

அவள் உயரமான நாற்காலியைக் காட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்தார். கனமான சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, வில்லைகளைப் போட்டு எடுத்தாள்.

"இது தெளிவா இருக்கா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணில்ல. நல்லாப் பாருங்க."

"ரெண்டாவது."

இரண்டு கண்ணுக்கும் வில்லை பொருந்தியது. வில்லை தேய்க்கிற தம்பியை அவள் கூப்பிட்டாள். அவன் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னக்கா?" என்று பக்கத்தில் நின்றான்.

"இப்ப கிட்டப் பார்வை," என்று மடித்த தாள்களை நாற்காலியில் இருந்தவர் கையில் கொடுத்தாள். "மேலேருந்து படிங்க."

"ஏழு," என்றார் சம்மன்காரர். ஏழு ஏழாகவே தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம். "எதிர்மனுதாரர் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடத் தவறியதில்லை. எழுத்து நல்லாத் தெரியுதே. ஆனால் இருபத்திரண்டு வருடமாகத் தினமும் வீட்டுக்கு வந்து, நான் இருக்கிறேனா என்று பார்ப்பார். இருந்தால்..."

அங்கே நின்றார். எழுந்திருக்கப் பார்த்தார். மூக்கில் சட்டம் கனத்தது. அதைக் கழற்றினால் எழுத்து கலங்கும், மாட்டிக்கொண்டு தெருவில் ஓட முடியாது.

"பாதிச் சவரம்," என்றார் மெதுவாக.

"கையில பட்டுடுச்சு," என்றாள் அவள். "தம்பி சாட்சி."

"ஆமாண்ணே, நான் பார்த்தேன்," என்றான் தம்பி, வருத்தத்தோடு.

திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்து அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவர் கொடுக்கவில்லை. தாளை இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுவந்து, இந்தத் தடவை சத்தமில்லாமல் படித்தார். 'இருந்தால் குறித்துக்கொண்டு போவதுபோல் போய்விடுவார். நான் சொல்லவந்ததை ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை.' அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஆயிரக்கணக்கான மனுக்களைச் சுமந்தவர் ஒரு மனுவைக் கடைசிவரை படித்தது அன்றுதான். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து காத்திருந்தார்.

"இதெல்லாம் வீட்டுலயே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னேங்க."

அவர் பேனா கேட்டு வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் தாளை எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"இரு. நேரம் போடணும். நேரம் போடலைன்னா நாளைக்கே எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபணை பண்ணுவாரு."

"உங்க வக்கீலா?"

"ஆமா. யாரா இருந்தா என்ன?" கடிகாரத்தைப் பார்த்து மணி பதினொன்று பதினேழு என்று, ஒன்று ஒன்றாகவும் ஏழு ஏழாகவும் தெரிய எழுதினார். "தம்பி, நீ இங்க போடு. முகவரியும் எழுது, தெளிவா."

அவள் சட்டத்தைக் கழற்றி வில்லை எண்களைச் சீட்டில் குறித்தாள். அவர் கண்ணுக்குக் கடை மறுபடி கலங்கிப் போனது.

"கண்ணாடி வியாழக்கிழமை ரெடியாகும்," என்றாள்.

"வாய்தா என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை. வருவீங்கல்ல?"

"சர்வ் ஆன பார்ட்டி வராம இருக்கக் கூடாது," என்றார் சம்மன்காரர். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, காத்திருந்த வாடிக்கையாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ இவரைப் பாரு. மூணு வருஷமாக் கண்ணைப் பத்திச் சொன்னியே, அப்ப வேற என்னல்லாம் சொன்ன?"

"அதெல்லாம் வெள்ளிக்கிழமை ஜட்ஜ் முன்னாடி சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் வாடிக்கையாளர் பக்கம் திரும்பினாள். "சார், இந்தப் போர்டைப் பாருங்க. மேலேருந்து படிங்க."