மிக்கேல் பெயரை எங்கே எழுதுவது

மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியில் கிருஷ்ணப்ரியா எனக்காகக் காத்திருந்தாள். கல்பாத்திக்காரப் பெண். எச்.ஐ.வி. கிருமியை ஆராய்ச்சி செய்கிறவள். போன வருஷம் என் ரத்தத்தை வாங்கிக்கொண்டு போனவள், இப்போதுதான் எட்டிப் பார்க்கிறாள்.

“இருதயம்மா, சீக்கு வந்து பதினஞ்சு வருஷம் மாத்திரையே இல்லாம எப்படி நன்னா இருந்தேள்னு கண்டுபிடிச்சாச்சு.”

“மாதா புண்ணியம். அதுக்கு ஒரு வருசமா?”

சிரித்தாள். “கிருமிக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணச் சில புரதங்கள் உண்டு. அதுல ஒண்ணு நெஃப். கிருமி புகுந்த செல், ‘எனக்குள்ள ஆள் பூந்தாச்சு’ன்னு வெளியில ஒரு அடையாளம் காட்டும். நெஃப் அதை உள்ளே இழுத்து மறைச்சுடும். உடம்போட காவல்காரனுக்குத் தெரியாமப் போயிடும். உங்க கிருமில அந்த நெஃப் உடைஞ்சு கெடக்கு. அதுக்கு ஒளியத் தெரியல. ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்தப்படாது.”

தலையாட்டினேன்.

“உங்களுக்கு யார்கிட்டேர்ந்து வந்ததோ, அவருக்கும் இதே நொண்டிக் கிருமியா இருந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

அப்படியென்றால் அவரும் என்னைப் போலவே பிழைத்துக் கிடந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் மிக்கேலிடமிருந்துதான் வந்தது. கல்யாணத்துக்கு முந்திய தப்பு என்று அவரே அழுதார். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், இந்தச் சீக்கென்றால் ரெண்டே வருஷம் என்று ஊரே சொல்லும். “என் சாவை நீ பாக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, சூரியநெல்லியில் தேனி பஸ் ஏறினார். கடுதாசி இல்லை, போன் இல்லை. மூன்றாம் வருஷம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்களோடு அவர் பெயரையும் வாசிக்கக் கொடுத்தேன். பிறகு ஒரு வருஷமும் தவறியதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அவரைத் திட்டினேன். பாவி மனுஷா, உயிரோடு இருந்துகொண்டா என்னை இப்படிக் காயப்போட்டாய்? செத்தவர் வரவில்லையென்று யாருக்காவது கோபம் வருமா? எனக்கு இன்றைக்குத்தான் வந்தது. கூடவே ஆசையும் வந்து தொலைத்தது. நான் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்தால், என் காலில் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாரே, அந்தத் தலையை ஒரு தடவை தொட்டால் போதும் போலிருந்தது.

நேராகக் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் சூசையப்பன் கல்லறைத் திருநாளுக்காக இறந்தவர்கள் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார்.

“மிக்கேல் பேர எடுத்துரு, தம்பி.”

“ஏங்க்கா? இருபது வருசமாக் குடுக்குற பேராச்சே.”

“உசுரோட இருந்தாலும் இருப்பாரு.”

பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப ஞாயித்துக்கிழமை நோயாளிங்க மன்றாட்டுல சேக்கட்டுமா?”

“வேண்டாம். பயணம் போறவங்களுக்கு வேண்டுவீங்கல்ல, அதுல எழுது.”

“எங்கக்கா போறாரு?”

“வீட்டுக்குத்தான். இருபத்துமூணு வருசமா வந்துக்கிட்டே இருக்காரு. சத்தமா வாசிக்கச் சொல்லு.”