விசேஷ வீட்டு போர்டு

எதிர்க்கடைக்காரன் கோதிர் கதவு அகலத்துக்கு டிவி மாதிரி ஒரு விளம்பரத் திரை மாட்டினான். அதில் ஒரு கோழி லவாஷ் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. லவாஷ் என்ன பெரிய லவாஷ், ரொட்டிக்குள் கோழியை வைத்துச் சுருட்டுகிறது. அதற்கு இந்த ஆட்டமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எங்கள் நமங்கான் ஊர்ச் சந்தை வாசலில் இறங்குகிற ஜனம் அந்தத் திரையை வாய்பிளந்து பார்த்தபடியே அவன் கடைக்குள் போய்விடும். இந்தப் பக்கம் எங்கள் புலாவ் கடை ஒன்று இருப்பதே கண்ணில் படாது. என் வீட்டுக்காரர் எர்காஷ் போடுகிற புலாவை ஒருதரம் தின்றவன் மறக்கமாட்டான். தின்றால்தானே!

கடை ஓடாததுகூடப் பரவாயில்லை. அதைச் சாக்கு வைத்து அவர் மறுபடி ருஷ்யாவுக்குக் கிளம்பப் பார்த்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே சமாரா ஊரில் என் தம்பி கட்டட வேலை செய்கிறான். எங்கள் மகன் அப்ரோருக்குச் சுன்னத் போன வருஷமே ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. ஊரைக் கூட்டி விருந்து வைப்பதுதான் பாக்கி. பையனைப் பெற்றவன் அதை வைக்காமல் எங்கள் பேட்டையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. "எட்டே மாசம், விருந்துச் செலவுக்குச் சேர்த்துட்டு ஓடி வந்துடறேன்" என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை இதே எட்டு மாசம் போனவர்தான். போன தடவை திரும்பி வந்தபோது பையன் என் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டான். அன்றைக்கு அவர் அழுததை நான்தான் பார்த்தேன்.

"நாமளும் ஒரு போர்டு வைப்போங்க. கூட்டம் வந்துட்டா இங்கேயே விருந்துக்குச் சேர்த்துடலாம். நவ்ரூஸ் பண்டிகை வரைக்கும் பொறுங்க" என்று கெஞ்சி, அவரை மின்சாமான் சந்தைக்கு இழுத்துப் போனேன்.

கடைக்காரப் பையன் ஃபர்ருக் நல்ல வாயாடி. முதலில் கோதிர் வைத்திருப்பதைப் போலவே ஒரு திரையைக் காட்டினான். தொண்ணூறு லட்சம் சூம்.

"என் கடையை வித்துத்தான் இதை வாங்கணும். வாங்கி எங்கடா மாட்டுறது, உன் வீட்டு வாசல்லயா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. இந்த டிவியைப் பாருங்க. முப்பத்தஞ்சுதான். பென் டிரைவைச் சொருகினா புலாவ் ஓடும்."

"வெயில்ல கொண்டுபோய் வை" என்றேன். எங்கள் கடை தெற்குப் பார்த்தது, மத்தியானம் முகத்தில் அறைகிற வெயில். தூக்கிப்போய் வைத்தான். திரையில் புலாவைக் காணோம், என் மூஞ்சிதான் தெரிந்தது.

"பாருடா. இதைக் காட்டினா வர்ற ரெண்டு பேரும் ஓடிடுவாங்க."

எர்காஷ் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூலையில் எதையோ பார்த்துவிட்டார். ஆளைவிட நீளமான போர்டு ஒன்று சாய்ந்து கிடந்தது, எழுத்து ஓடுகிற ரகம். மூடிப்போன ஒரு விருந்து மண்டபத்தில் கழற்றியதாம். புதிதாக வாங்கினால் இருபது லட்சம், இது ஏழு. வெயிலில் வைத்தோம். எழுத்து சிவப்புச் சிவப்பாகப் பளிச்சென்று ஓடியது: 'அன்பான விருந்தினர்களே, எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருக வருக!'

"நல்லாத்தான் இருக்கு. எழுத்தை மாத்து" என்றேன்.

ஃபர்ருக் தலையைச் சொறிந்தான். "அதுக்கு ஒரு ரகசிய எண் போடணும் அக்கா. மண்டபத்து மேனேஜருக்குத்தான் தெரியும். அவரு கஜகஸ்தான்ல இருக்காரு. வியாழக்கிழமை வாங்கித் தர்றேன், சத்தியமா."

"எந்த வியாழக்கிழமைடா?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"அட விடு மஸ்தூரா" என்றார் எர்காஷ். "எழுத்தை எவன் படிக்கிறான்? வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வருவான். விருந்தாளி வாங்கன்னுதானே போட்டிருக்கு, கடைக்கு வர்றவன் விருந்தாளி இல்லாம வேற யாரு?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

புதன்கிழமை சாயங்காலம் மாட்டினோம். முதல் நாள் அமர்க்களப்படுத்த வேண்டும் என்று எர்காஷ் வியாழன் விடிவதற்கு முன்பே பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டார். ஒரு முழு ஆட்டுக்கறி, கைநீளக் கேரட், முழுப் பூண்டு என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. சந்தைக்கு வருகிற சுமைக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்கே வருவார்கள் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊரில் விசேஷப் புலாவையும் விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடுதான் போடுவார்கள் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. பள்ளிவாசல் எங்களுக்கு நாலு கடை தள்ளி.

தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் போர்டைப் பார்த்தார்கள். புலாவ் வாசனை பிடித்தார்கள். வாசலில் எர்காஷ் எப்போதும் போல நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். விசேஷ வீட்டுத் தகப்பன் வேறு எப்படி நிற்பான்?

"நல்லபடியா நடக்கட்டும் தம்பி, மனசு நெறைஞ்சு வாழ்த்தறோம்" என்று சொல்லிச் சொல்லி உள்ளே வந்தார்கள். தட்டு தட்டாகப் போயிற்று. நான் சமையற்கட்டிலிருந்து எண்ணினேன். இருபது, நாற்பது, அறுபது. எதிர்க்கடை கோதிரும் வந்தான். "பக்கத்துல இருக்கேன், எனக்குச் சொல்லலையே அண்ணே" என்று குறைபட்டுக்கொண்டே இரண்டு தட்டு தின்றான்.

நான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "காசு கேளுங்க!"

"எப்படிக் கேட்கிறது? விசேஷம்னு நம்பி வந்தவன்கிட்ட இல்லைன்னு சொன்னா நாளைக்கு நான் இந்தத் தெருவுல நடக்கவேண்டாமா?"

அதற்குள் கம்பளக்கடைப் பெரியவர் சத்தமாகக் கேட்டார்: "யாருக்குத் தம்பி விசேஷம்?"

எர்காஷ் திருதிருவென்று விழித்தார். "பையனுக்குங்க. அப்ரோருக்கு. சுன்னத்."

அவ்வளவுதான். பெரியவர் கையேந்தினார். எழுபது பேரும் கையேந்தி, அப்ரோர் பேரைச் சொல்லி துவா கேட்டு, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். துவாவுக்கு அப்புறம் கல்லாவைக் காட்ட எங்கள் ஊரில் எவனுக்கும் தைரியம் வராது. போகும்போது பெரியவர் மட்டும் நின்றார். "இந்த மாசம் மூணு விசேஷத்துல தின்னேன், இப்படி ஒரு புலாவ் இல்ல. யாருப்பா சமையல்?"

"நான்தாங்க. கடையே இதான்."

"இதா? இத்தனை நாளா நான் பார்த்ததே இல்லையே! நாளைக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றேன், காசு வாங்கிக்கோ."

கடை காலியானதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒரு பருக்கை மிச்சமில்ல! ஒரு ஆடு போச்சு! எழுத்தை எவன் படிக்கிறான்னீங்களே, ஊரே உட்கார்ந்து படிச்சிட்டுப் போயிருக்கு!" கையிலிருந்த கரண்டியை எங்கே வீசினேன் என்று எனக்கே தெரியாது.

காலி அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"மஸ்தூரா, துவா கேட்டாச்சு."

"ஆமா, கேட்டாச்சு, கல்லாவுக்கும் சேர்த்து."

"இல்லடி. பையன் பேரைச் சொல்லி எழுபது பேர் கேட்டாங்க. புலாவ் தின்னாங்க. நான் வாசல்ல நின்னேன்." "வேற என்ன பாக்கி இருக்கு?"

நான் போய் அந்தக் கரண்டியைத் தேடி எடுத்தேன்.

பொழுது ஏற ஏறச் சேதி பரவி, பெண்கள் வந்தார்கள். சர்க்கரை, ரொட்டி, துணி என்று ஆளுக்கொன்று. யாரோ அப்ரோருக்குத் தங்க ஜரிகை அங்கி கொண்டுவந்தார்கள். அவன் அதைப் போட்டுக்கொண்டு, தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் தெருவெல்லாம் ராஜா மாதிரி திரிந்தான். விசேஷ வீட்டுக்கு மரியாதை என்று சொல்லிக் கோதிர் அன்றைக்கு முழுக்கத் திரையை அணைத்து வைத்தான். லவாஷ் ஓய்ந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஃபர்ருக் சொன்ன வியாழக்கிழமையிலேயே எண்ணோடு வந்து நின்றான். "என்ன எழுதணும் அக்கா?"

"'புலாவ் விலைக்கு'ன்னு எழுது. 'விலைக்கு' மட்டும் பெரிசா."

அவன் எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது எர்காஷின் போன் அடித்தது. சமாராவிலிருந்து என் தம்பி. கடை முழுக்கக் கேட்கிற குரல் அவனுக்கு.

"மச்சான், டிக்கெட் போடட்டுமா? இப்பக் கிளம்பினாத்தான் விருந்துக்குச் சேர்க்க முடியும்."

எர்காஷ் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் அங்கியோடு நின்ற பையனைப் பார்த்தார்.

"போடாத மாப்ளே. விருந்து காலையிலேயே முடிஞ்சுபோச்சு."

"என்னது! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நாங்க யாருக்குமே சொல்லலை. போர்டுதான் சொல்லுச்சு."