பதினாறு வார்த்தைப் பலகை

டெல்பினுக்குப் பேச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றே, சாந்தோமுக்குத் திரும்புகிற பஸ்ஸில் வால்டர் சிகரெட் பெட்டியைப் பிரித்து உள்பக்கத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வலது கை மடியில் துவண்டு கிடக்கிறது. இவர் பஸ் குலுங்கக் குலுங்கக் கோடு போட்டுக்கொண்டு வருகிறார். மனுஷன் அப்படித்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வீட்டுக்கு எந்தத் துக்கம் வந்தாலும், அதில் கழற்றி மாட்ட ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்திருக்கிறார்.

அது தொண்ணூற்று நாலு ஜூன். டாக்டர் ஒளிக்காமல்தான் சொன்னார். நரம்பு நோய், மருந்து கிடையாது. முதலில் கை கால், அப்புறம் நாக்கு. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஏதாவது ஒரு விரல் மட்டும் அசையலாம் என்றார். அந்த ஒரு விரல் என்ற சொல்லை வால்டர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு விரல் போதும், ஒரு பட்டனை அழுத்திவிடலாம்.

அவர் பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொள்கிறவர். டெல்பின் சர்ச்சுப் பங்குப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு டீச்சர். அவள் வரலாறு நடத்தினால் தெருவில் காய்கறி விற்கிறவளுக்கும் பாடம் ஏறிவிடும், அவ்வளவு பெரிய குரல். பேசிப் பேசியே வாழ்ந்தவளுக்கு நாக்கில் வந்து உட்கார்ந்தது அந்தப் பாழாய்ப்போன வியாதி.

வால்டரின் திட்டம் எளிமையானது. ஒரு பலகை. அதில் பதினாறு சின்னச் சிவப்பு விளக்குகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வார்த்தை. விளக்குகள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே வரும். வேண்டிய வார்த்தைக்கு நேரே வரும்போது டெல்பின் விரலால் பட்டனை அழுத்தினால், விளக்கு அங்கேயே நிற்கும், ஒரு பீப் சத்தம் வரும். கடையில் இப்படி ஒன்று கிடைக்காது. அதனால் அதற்கான சர்க்யூட் போர்டையும் வீட்டிலேயே செய்ய வேண்டும். லீவு போட்டுவிட்டு, சமையலறையில் பாதி மேடையைப் பிடித்துக்கொண்டார்.

என்னென்ன வார்த்தை போடுவது? அதைக் கேட்டது ரத்னாவிடம். ரத்னா நொச்சிக்குப்பத்திலிருந்து காலையில் வந்து சாயங்காலம் வரை டெல்பினைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ரத்னா, ஒரு நாள்ல அம்மாவுக்கு என்னென்ன வேணும், வரிசையாச் சொல்லு."

"இன்னா சார் வேணும். தண்ணி வேணும், கஞ்சி வேணும், பாத்ரூம் போவணும். பொரட்டிப் போடணும், இல்லாங்காட்டி முதுகு புண்ணாயிடும். எச்சி தொடைக்கணும். கொசு கடிச்சா சொல்லணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "டீச்சரையே கேளேன் சார். உள்ளதான கீது. இன்னிக்குப் பேச்சு கொஞ்சம் நல்லா வருது."

"வேண்டாம், அவளைச் சிரமப்படுத்தாதே" என்றார் வால்டர். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை என்னவென்று சொல்வது?

தண்ணீர், கஞ்சி, பாத்ரூம், புரட்டு, வலி, கொசு, ஃபேன், ஜன்னல், விளக்கு, ரேடியோ, ஜெபமாலை, எச்சில், போர்வை, ரத்னா, ஆமாம், இல்லை. பதினாறும் நிரம்பிவிட்டது. ரத்னா காகிதத்தை உற்றுப் பார்த்தாள். எழுத்து தெரியாதவள், அவர் படித்துக் காட்டியதை விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.

"இதுல உன் பேரு இல்லியே சார்."

"எனக்கு எதுக்கு? நான்தான் நாள் பூரா வீட்டிலேயே இருக்கேனே."

நாள் பூராவும் வீட்டில்தான் இருந்தார், அதில் பொய் இல்லை. செம்புத் தகடு ஒட்டிய பலகையை ரிச்சி தெருவில் வாங்கி வந்து அளவாக அறுத்தார். ஃபெரிக் குளோரைடைக் கரைத்து பிளாஸ்டிக் தட்டில் ஊற்றினால் தட்டு முழுக்கக் கஷாய நிறத்தில் இருக்கும். செம்பின்மேல் எனாமல் பெயின்டால் கோடு இழுத்து அதில் போட்டு, தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட் இருக்கிற இடம் தப்பிக்கும், மற்ற செம்பையெல்லாம் அந்தத் தண்ணீர் தின்றுவிடும். பெயின்டைத் துடைத்தால் மின்சாரம் ஓட வேண்டிய பாதை மட்டும் பளிச்சென்று மிஞ்சும். பிறகு ஓட்டை போட வேண்டும். ஊசிமுனை அளவில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள். கை கொஞ்சம் சாய்ந்தாலும் ட்ரில் பிட் பட்டென்று ஒடிந்துவிடும். ஆறு பிட் ஒடிந்தது. அந்த மோட்டார் சத்தம் பல்லைக் கூச வைக்கும். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் அதைக் காலையிலிருந்து மாலைவரை கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

ஜூலையில் அவள் பேச்சு குழறினாலும் பேச்சாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பார்த்துக் கேட்டால் புரியும்.

"ஏ...ங்க. இ...ங்க."

"இதோ வந்துட்டேன் டெல்பி. படத்தை மட்டும் ஒட்டிடறேன்."

அன்றைக்குத்தான் அவர் படத்தைத் தகட்டின்மேல் பதித்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து மறுபடி குரல் வந்தது. எரிச்சலும் அவசரமுமாக படம் போட்ட டிரேசிங் பேப்பரை அப்படியே வைத்து ஒட்டினார். அங்கேதான் கோட்டை விட்டார். பாகங்கள் பலகையின் ஒரு பக்கம் உட்காரும், செம்புப் பாதை மறுபக்கம் ஓடும். அதனால் மேலிருந்து பார்த்துப் போட்ட படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் செம்பில் பதிக்க வேண்டும். இருபது வருஷமாகப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர், திருப்ப மறந்தவனுக்குப் பூஜ்யம் போட்டவர், மறந்துவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டையும் போட்டு முடித்து முதல் ஐ.சி. சில்லை வைத்துப் பார்த்தபோது இடது கால் போகவேண்டிய இடத்தில் வலது கால் நின்றது.

அப்போதும் குடி முழுகிவிடவில்லை. அந்த ஐ.சி.க்களைச் செம்புப் பக்கத்திலேயே வைத்து ஈயத்தால் பற்றவைத்துவிடலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். பையன்கள் எல்லாரும் செய்கிற திருட்டுத்தனம்தான். வால்டர் அதைச் செய்கிறவர் இல்லை. டெல்பினுக்குச் செய்கிற சாமானில் ஒட்டுவேலையா? தகட்டை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதுத் தகடு வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் கடைசியில், பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்தன்று டெல்பினின் குரல் அடங்கியது. அதற்குப் பிறகு வந்தது வெறும் காற்று. ரத்னா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"காலீல இருந்து உன்னியே கேட்டுக்கினு இருந்துச்சு சார். இப்போ சத்தமே வரல."

வால்டர் மோட்டாரை நிறுத்தினார். ஓடிப்போய்க் கட்டிலருகே நின்று, அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "கவலைப்படாதே டெல்பி. போர்டு மட்டும் முடியட்டும், நீ பழையபடி பேசலாம்" என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் திரும்பிப்போய் மோட்டாரைப் போட்டார்.

அக்டோபர் மழை, கரண்ட் போகும் வரும். பெயின்ட் காயவில்லை, செம்பில் களிம்பு ஏறியது. அதற்குள் டெல்பினின் இடது கையில் நான்கு விரல்கள் ஒவ்வொன்றாக அடங்கி, ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. தினமும் காலையில் வால்டர் முதல் வேலையாக அந்த விரலைப் போய்ப் பார்ப்பார். அசைகிறது என்று தெரிந்ததும் மேடைக்கு ஓடுவார். விரல் முந்துமா, போர்டு முந்துமா?

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று பலகை முடிந்தது. விரலும் இருந்தது. பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. கட்டிலுக்கு எதிரே பலகையை மாட்டி, பட்டனை அவள் விரலுக்கடியில் வைத்து, ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு தண்ணீரில் எரிந்து, கஞ்சிக்கு நகர்ந்து, ஒவ்வொன்றாக இறங்கியது. டெல்பின் அழுத்தவில்லை. இல்லை என்பதுவரை போய்விட்டு மறுபடி தண்ணீருக்கு வந்தது. மூன்று சுற்று. விரல் பட்டன்மேல் சும்மா கிடந்தது.

வால்டர் பலகையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். விரல் போய்விட்டதா? இல்லை, ஈயம் சரியாகப் பற்றவில்லையா? ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பலகையைக் கழற்றப் போனார்.

"இரு சார்" என்றாள் ரத்னா. டெல்பின் பக்கம் குனிந்தாள். "டீச்சர், தண்ணிக்கு நேரா வந்தா அமுக்கு, பாப்போம்."

தண்ணீர் வந்தது. பீப் என்றது. ஒரு நொடிகூடத் தப்பவில்லை.

"போர்டு நல்லாத்தான் கீது சார். அதுக்கு வேண்டியது இதுல இல்ல, அவ்ளோதான்."

"வேற வார்த்தையா டெல்பி?" என்றார் வால்டர்.

விளக்கு இறங்கி வந்து ஆமாமில் நின்றது.

அடுத்து அவர் சொன்னதை நினைத்தால் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "அவ்வளவுதானே? முப்பத்திரண்டு வார்த்தைக்குப் புதுசா ஒரு போர்டு போட்டுடறேன். இப்போ கை பழகிடுச்சு, மூணே வாரம்."

இல்லை என்ற இடத்தில் பீப் என்றது. விளக்கு மறுபடி முழுச் சுற்றும் சுற்றி வந்தது. மறுபடியும் அங்கேயே அழுத்தினாள்.

"எய்த்து எய்த்தாக் கேளு சார். சரியான எய்த்து வந்தா அமுக்கட்டும்" என்றாள் ரத்னா. "எனக்குப் படிப்பு இல்ல. இருந்திருந்தா நானே எப்பவோ கேட்டிருப்பேன்."

வால்டர் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடியே அ, ஆ என்று சொல்ல ஆரம்பித்தார். உ வந்ததும் பீப். பிறகு மெய்யெழுத்துகள், அவற்றின் வரிசைகள். தப்பு நடந்து, திரும்ப ஆரம்பித்து, நாலு எழுத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உட்கார்.

இருபத்தாறு வருஷமாக வாங்க, போங்க, உட்காருங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ங்க என்கிற இரண்டு எழுத்துக்குக்கூட விரலில் தெம்பு இல்லை. வால்டர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றுகொண்டிருந்தார். ஜூனிலிருந்து அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றிருக்கிறாரே ஒழிய ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இதற்கு விளக்கு வேண்டியதில்லை, நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டை வேண்டியதில்லை. எழுத்துத் தெரிந்த ஒருத்தன் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும், ஆகஸ்டிலிருந்தே பேசியிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதார்.

பதினோரு நாள் பேசினார்கள். அவள் சொன்னதெல்லாம் ஒரு நோட்டில் ஒன்றரைப் பக்கம் வந்தது. தங்கை ஃப்ளோராவோடு இருந்த சண்டையை விடச் சொன்னாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏப்ரலில் எழுதின பரீட்சைத் தாள் பீரோவில் இருக்கிறது, திருத்தியாயிற்று, கொடுத்துவிடச் சொன்னாள். ரத்னாவுக்குத் தன் பச்சைப் புடவையைக் கொடுக்கச் சொன்னாள். ஒரு நாள் முழுக்க இரண்டே வார்த்தை வந்தது: பயமா இருக்கு. வால்டர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, எனக்கும்தான் டெல்பி என்றார்.

பன்னிரண்டாம் நாள் மதியம் அவளுக்கு மேல் லேசாகச் சுட்டது. வால்டர் பென்சிலும் நோட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்து அ, ஆ சொல்லிக்கொண்டிருந்தார். நீ என்று வந்தது. பிறகு ஏன் என்று வந்தது. நீ ஏன்? அடுத்த எழுத்துக்கு மூன்று முறை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார், பீப் வரவில்லை. அவள் மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. சளி மார்பில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலாம் நாள், அடக்கம் முடித்துத் திரும்பினார்கள்.

பச்சைப் புடவையை வாங்கிக்கொள்ள வந்த ரத்னாவிடம் வால்டர் நோட்டைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. கடைசி இரண்டு வார்த்தையைச் சொன்னார். என்ன கேட்க வந்தாள் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை என்றார்.

ரத்னா புடவையை மடியில் வைத்து நீவினாள்.

"இன்னாத்த கேட்டிருக்கப் போவுது சார். நீ ஏன் அழுவுறேன்னு கேட்டிருக்கும். மன்ச வுட்டுடு."

வால்டர் தலையை ஆட்டிக்கொண்டார். டெல்பின் அதைக் கேட்ட அன்றைக்கு அவர் அழவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த ரத்னாவுக்கும் அது தெரியும்.