கம்ப்யூட்டர் அழுத பொருத்தம்

அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில், பிரகாசம் என்பவர் கிறிஸ்தவ வரன்களுக்கான தகவல் மையம் நடத்திக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் வேலை பார்க்கச் சேர்ந்தவள் ஜெயசீலி. கள்ளிக்குப்பத்துப் பெண். அப்பா இல்லை. டிப்ளமா முடித்த கையோடு வேலைக்கு வந்து அம்மாவையும் பார்த்துக்கொண்டாள்.

பொருத்தம் பார்க்கும் புரோகிராமை அவளே எழுதினாள். படிப்பு, வேலை, கல்யாணத்துக்குப் பிறகு யாரோடு இருப்பது என்று இரண்டு பக்கமும் சொல்லும் பதில்களை ஒப்பிட்டு, அது நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். ஆரம்பத்தில் ஜனங்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பேசினார்கள். "மீதி மார்க் எங்கம்மா போச்சு?" என்று கேட்டார்கள். பையன் தனிக்குடித்தனம் கேட்கிறான் என்று தெரிந்தால், அங்கேயே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

பிரகாசத்துக்கு அது சரிப்படவில்லை. "ஆபீஸ்ல உக்காந்து பஞ்சாயத்து பண்றாங்கம்மா. பாத்தவுடனே புரியறாப்ல ஒரு பொம்மை போட்டுடு" என்றார்.

ஜெயசீலி இரண்டு முகங்களை வரைந்தாள். அறுபதோ அதற்கு மேலோ வந்தால் மஞ்சள் முகம் சிரிக்கும். குறைந்தால் வாய் கீழே தொங்கும். கண்ணிலிருந்து நீலத்துளி ஒன்று மெதுவாக வழியும். துளியை நகரவைக்க ரொம்ப மெனக்கெட்டாள். முதல்முறை அது வழிந்தபோது சந்தோஷத்தில் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு மதிப்பெண்ணை யாரும் படிக்கவில்லை. ஆவடியிலிருந்து வந்த ஒரு தகப்பனார் திரையைப் பார்த்ததும், "அழுவுது, வேணாம்" என்று எழுந்துவிட்டார். "ஒரு மார்க்தான் சார் கம்மி" என்று ஜெயசீலி சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணீரை எடுத்துடலாம் சார்" என்று அவள் பிரகாசத்திடம் கேட்டாள்.

"எதுக்கு? டக்குனு முடிவெடுத்துட்டுப் போறாங்க. இருக்கட்டும்."

அந்த ஆபீஸில் ஸ்டெபிலைசர் ரிப்பேர் பார்க்க வந்தவன் ஜேசுராஜ். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன், வீடு ஆவடி பக்கம் சேக்காட்டில். ஸ்டெபிலைசர் சரியான பிறகும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்தான். கடைசியில் சாக்கு இல்லாமலே வந்தான். அவன் அம்மா லூர்தம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெயசீலியைப் பார்த்தாள். பிடித்துப்போயிற்று. கன்னத்தைத் தடவி, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் மகனிடம், "எல்லாரும் அந்த மிஷின்ல பாக்கறாங்களே, நாமளும் ஒரு தபா பாத்துடலாம்டா" என்றாள்.

ஜேசுராஜ் ஓடிவந்தான். "ஜெயா, சிரிக்கிற மாதிரி பண்ணிடு. உன்னால முடியும்ல?"

"முடியும். உங்கம்மாவை ஏமாத்திட்டுத்தான் உங்க ஊட்டுக்கு வரணுமா? அழுதாலும் நான் சொல்லிக்கிறேன். நான் வரைஞ்ச பொம்மைதானே."

லூர்தம்மாள் மகனோடு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், அம்மாவும் என்னோடுதான் இருப்பாள் என்று ஜெயசீலி உள்ளதை உள்ளபடி பதிந்தாள். அந்த இரண்டும் லூர்தம்மாள் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. ஐம்பத்தெட்டு வந்தது. முகம் வாயைத் தொங்கவிட்டுக்கொண்டு அழுதது.

லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அதுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தத் தண்ணிகூட நான் வரைஞ்சதுதான்" என்றாள் ஜெயசீலி. "ரெண்டு விஷயத்துல நமக்குள்ள வித்தியாசம் இருக்குது. அதைப் பேசிக்கலாம்."

"நீ வரைஞ்சதாவே இருக்கட்டும். உன்னைப் பாத்துதானே அழுவுது?"

"அம்மா..."

"என் மூத்த பொண்ணு ஞானகுமாரி கல்யாணத்துல அல்லாரும் சிரிச்சிக்கினுதான் இருந்தோம். அன்னிக்கு ஒருத்தராச்சும் அழுதிருந்தா நிறுத்தியிருப்பேன். மறு வருஷமே பொணமாத்தான் ஊட்டுக்கு வந்தா." கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்போ ஒண்ணு அழுவுது. பாத்துட்டு இன்னான்னு விட்டுட்டுப் போறது?"

எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜேசுராஜ் விடவில்லை. அம்மாவோடு சண்டை போட்டான், பேசாமல் இருந்தான், மறுபடியும் கெஞ்சினான். ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்புக்காலம் வந்து போயிற்று. லூர்தம்மாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, "பாக்கலாம்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்பத்தூர் ஸ்டேஷனில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. ஜெயசீலியின் அம்மா கூட வந்து இருப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா என்று அவன் கேட்டான். "அம்மா எங்க போவாங்க?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்காமல் நின்றாள். அவன் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் முகத்தையே பார்த்தான்.

"அன்னிக்கு அந்தப் பொம்மையும் இப்படித்தான் அழுதுச்சு" என்றான்.

ஆவடி வண்டி வந்தது. அவன் ஏறவில்லை.

"வாய் தவறி வந்துடுச்சு ஜெயா. சத்தியமா."

"வாய்ல வந்தது பெரிசில்லைங்க. இத்தனை நாளா மனசுல இருந்திருக்குதே."

அவன் மன்னிப்புக் கேட்டான், அவளும் மன்னித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவன் முன்னால் முகம் வாடக்கூடப் பயந்தாள். தலைவலி என்றால்கூடச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவனும் அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் பேசினான். ஒரு ஆயுள் முழுக்க இப்படி இருக்க முடியாது என்று தோன்றிய அன்று, அவளே போய் வேண்டாம் என்று சொன்னாள். அவன் வாதாடவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

மையத்திலிருந்து நின்ற அன்று இரண்டு முகங்களையும் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டாள். பிரகாசம் வேறு யாரையோ பிடித்து மறுபடியும் போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டாள். பூந்தமல்லியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது.

அடுத்த வருஷம், ஜேசுராஜுக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது என்று கோயிலில் ஓலை வாசித்து அறிவித்தார்கள். சேக்காட்டு உறவுக்காரி ஒருத்தி வந்து ஜெயசீலியின் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அதைச் சோறு போடும்போது சொன்னாள். பெண் எந்த ஊர், என்ன படிப்பு என்றெல்லாம் ஜெயசீலி கேட்கவில்லை.

"அவங்கம்மா எப்படி இருக்காங்களாம்?"

"முட்டி வலியாம். படி ஏற முடியலையாம்."

"பாவம்" என்றாள் ஜெயசீலி. தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.