வந்தவர்கள் கையெழுத்து

எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ஆவணக் கட்டுக்குப் பக்க எண் போடச் சொல்லிவிட்டு வக்கீல் உள்ளே போயிருந்தார். தட்டச்சு செய்பவள் போட்டுக்கொண்டே வந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவனுக்குப் பேரெழுதப் பழக்கியவள் அவள்தான். மேலே அச்சில் இருந்தது: ‘சுரங்கத்துக்கு எங்கள் மலையை விட்டுக்கொடுக்க முழுமனதோடு சம்மதிக்கிறோம்.’ கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர். பெரியப்பா, அத்தை, அண்ணி, பாதி ஊர். தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.

மத்தியானம் போன் செய்தாள்.

“எதுலண்ணே கையெழுத்து போட்ட?”

“எதுலயும் போடலையே.” பிறகு நினைவு வந்தது. “கூட்டத்துக்கு வந்தவங்க பேரெழுதுங்கன்னாங்க. வெறும் கோடு போட்ட தாளு பாப்பா. டீ குடுத்தாங்க.”

அவள் சொன்னதைக் கேட்டு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பூர்வகுடிங்க நிலத்தத் தொடணும்னா, முன்னாடியே விஷயத்தச் சொல்லி, மிரட்டாம சம்மதம் வாங்கணும். உலக நாடுகளே ஒத்துக்கிட்டது. சம்மதம் எங்கேன்னு கேட்டோம், கொண்டாந்துட்டாங்க. உங்கண்ணன வரச்சொல்லும்மா. படிக்கத் தெரியாதுன்னு வாக்குமூலம் குடுக்கட்டும்.”

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அவள் அடித்ததை வாசித்துக் காட்டினாள். ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.’

“பேர் எழுதுவேனே.”

“பேர் மட்டுந்தானேண்ணே.”

“கைநாட்டா வச்சா நல்லது,” என்றார் வக்கீல், இருவரையும் பார்க்காமல்.

அண்ணன் சிரித்தான். “கையெழுத்து நல்லாருந்தா தலையெழுத்து நல்லாருக்காதும்பாங்க. என்னுது கோணல்தானே சார்?”

மைப்பெட்டியைத் திறந்து, அவன் கட்டைவிரலைப் பிடித்து அவளே அழுத்தினாள். அது உரலடிக் கல்போலக் கனத்துக் கிடந்தது.

அழுக்குத் துணியில் விரலைத் துடைத்தபடி சொன்னான்: “முந்தாநாளே மிஷினெல்லாம் வந்துடுச்சு. நம்ம ஓடைப் பக்கம் நிக்குது. டிரைவருங்க தாகத்துக்குத் தண்ணி கேட்டாங்க. உங்கண்ணி ஒரு குடம் குடுத்தா. குடுக்காம எப்படி?”

அவள் தலையாட்டினாள்.

“அதையும் சம்மதம்னு எழுதிப்பாங்களா?” என்றான்.

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வாசல்வரை வந்தாள். அவன் தெருவைக் கடந்து நிறுத்தத்தில் நின்றான். மை போகாத விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டு, ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ கேட்டான்.