கோச் கிரெப்ஸுக்குத் தொண்டை கட்டிய வாரம்

நாங்கள் சாம்பியன் பட்டம் வாங்கிய வருஷம், வெண்டல் பைக் ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. போர்ட் கிளமென்ட் ஹாமர்ஸ் என்ற எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் கஸ் ஃபோன்டேன். அவனுக்குக் கையோ காலோ ஒடிந்தால்தான் வெண்டலுக்கு வேலை. கஸ்ஸுக்கோ அந்த வருஷம் ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வெண்டல் சலவை மடிப்போடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அதே மடிப்போடு வீட்டுக்குப் போவான்.

ஆனால் அவனிடம் ஒரு வித்தை இருந்தது. யார் குரலையும் அப்படியே பேசிவிடுவான். அவனுடைய சொந்தக் குரல் கென்டக்கி மலைப்பக்கத்துக் குரல், கொஞ்சம் மூக்கால் வரும். கோச் ஓட்டோ கிரெப்ஸ் மாதிரி பேச ஆரம்பித்தால் மட்டும் நமக்கு முதுகு தானாக நிமிரும். கிரெப்ஸுடையது இரும்பாலை இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. எங்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மகாராணிகளா" என்பார்.

முதல் இரண்டு மேட்சும் தோற்றோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அந்த வாரம் பயிற்சி முடிந்து எல்லோரும் குளித்துக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து கோச்சின் குரல் வந்தது.

"மகாராணிகளா, எல்லாரும் மைதானத்துக்கு வாங்க. சோப்பெல்லாம் அப்புறம் கழுவிக்கலாம். இருக்கற கோலத்துல வாங்க."

முப்பது பேர் இடுப்பில் துண்டோடு ஓடினோம். மைதானத்தில் மாதா கோயில் பெண்கள் சங்கம் நன்கொடை விருந்துக்கு மேஜை போட்டுக்கொண்டிருந்தது. சங்கத் தலைவி திருமதி ஓஸ்பெக் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வந்ததுதான் வந்தீங்க, அந்த நாற்காலியெல்லாம் இறக்கிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நாற்காலி இறக்கினோம்.

கூப்பிட்டது கோச் இல்லை, வெண்டல் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த வாரம் முழுக்கச் சிரித்தோம். அந்த ஞாயிறு ஜெயித்தோம். அப்புறம் டிசம்பர் வரை யாராலும் எங்களை நிறுத்த முடியவில்லை. அதற்குக் காரணம் கஸ்ஸின் கை என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கென்னவோ அந்த நாற்காலிகள்தான் காரணம் என்று தோன்றும்.

இறுதி ஆட்டம் எங்கள் ஊரிலேயே. அதற்கு மூன்று நாள் முன்பு, ஏரிக்காற்றில் கத்திக் கத்தி கிரெப்ஸின் தொண்டை அடியோடு போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. உதவி கோச் ஆம்புரோஸ் சத்தம் போட்டுப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் "ஓடுங்க" என்றால், "சௌகரியப்பட்டால்" என்று சேர்த்துக்கொள்ளலாம் போல இருக்கும். ஒருத்தனும் அசையவில்லை.

"மகாராணிகளா, பல்லக்கு வரணுமா?"

எல்லோரும் தெறித்து ஓடினோம். பாதி தூரம் போன பிறகுதான் கிரெப்ஸ் வாய் மூடி நிற்பது தெரிந்தது. அவருக்குப் பின்னால் வெண்டல், முகம் வெளுத்து நின்றான். தன் குரலைத் தானே கேட்ட கிரெப்ஸ் மெதுவாகத் திரும்பினார். அன்றோடு அவன் கதை முடிந்தது என்று நினைத்தோம். அவரோ விரலை வளைத்து அவனைக் கிட்டே கூப்பிட்டு, காதில் ஏதோ சொன்னார்.

"கோச் என்ன சொல்றார்னா..." என்று அவன் தன் குரலில் தொடங்கினான். மண்டையில் ஒரு தட்டு விழுந்தது. அதற்கப்புறம் அவர் குரலிலேயே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தரை கல்லாக உறைந்திருந்தது. எதிரணியினர் கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்தார்கள். பனியை அஞ்சலட்டையில் மட்டும் பார்த்தவர்கள். ஆனாலும் நன்றாகவே அடித்தார்கள். இடைவேளையில் கிரெப்ஸ் வெண்டலின் காதில் நெடுநேரம் முணுமுணுத்தார். வெண்டல் அவ்வளவையும் அவருடைய குரலில் முழங்கிவிட்டு, அதே மூச்சில், "இன்னொன்னு. நம்ம வெண்டல் பைக்குக்குப் பெஞ்சுல ரொம்பக் குளிருது. யாராவது நல்ல கம்பளியா பாத்து அவனுக்குக் குடுங்க" என்றான். கிரெப்ஸ் அவன் விலாவில் கிள்ளியதை எல்லோரும் பார்த்தோம். கம்பளி என்னவோ கிடைத்தது.

கடைசி ஆறு நிமிஷம். அவர்கள் பதினான்கு, நாங்கள் பத்து. பந்து நடுமைதானத்தில் எங்கள் கையில். நான்காவது முயற்சி, அதுதான் கடைசி; இன்னும் ஒரு கஜம் போகவேண்டும். போக முடியாவிட்டால் அந்த இடத்திலேயே பந்து அவர்களுக்கு. புத்தியுள்ளவன் பந்தைத் தூர உதைத்து அவர்களைப் பின்னுக்குத் தள்ளுவான். கிரெப்ஸ் எப்போதும் புத்தியுள்ளவர்.

நான் நடுவில் குனிந்து, கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் கொடுக்கிறவன். கட்டளைக்காக மைதானத்து ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பினேன். கிரெப்ஸ் வெண்டலின் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வெண்டல் நிமிர்ந்து, கம்பளியைத் தோளிலிருந்து நழுவவிட்டான்.

"உதைக்காதீங்க. நேரா இடிச்சுட்டுப் போங்கடா."

கிரெப்ஸ் வாயைத் திறந்தார். டயரில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. வெண்டலின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே, எங்களைப் பார்த்து வலது காலால் வெற்றுக் காற்றை உதைத்தார். மறுபடி உதைத்தார். தொப்பி கீழே விழுந்தது.

கஸ் என் முதுகுக்குப் பின்னால் குனிந்தான். "டேய் ஸ்வோபோடா, அந்தாளு காலு ஒன்னு சொல்லுது, தொண்டை ஒன்னு சொல்லுது. எதக் கேக்கறது?"

"இத்தனை வருஷமா தொண்டையத்தானடா கேட்டுட்டு இருக்கோம்."

"தோத்தா?"

"தோத்தா காலத்தான் கேட்டிருக்கணும்னு சொல்லிக்கலாம். குனி."

பந்தைக் கொடுத்துவிட்டு எதிரே இருந்தவன் மார்பில் முட்டினேன். அவனுக்குப் பாதம் வழுக்கியது. கஸ் என் முதுகின் மேலேயே ஏறிப் போய் விழுந்தான். இரண்டு கஜம். அதன் பிறகு எங்களுக்கு எல்லாமே சரியாக நடந்தது. கடைசி நிமிஷத்தில் கஸ் எறிந்த பந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் எங்கள் ஆள் கையில் போய்ச் சேர்ந்தது, ஏழு புள்ளி. பதினேழுக்குப் பதினான்கு.

ஜனங்கள் வேலி தாண்டி வந்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கிரெப்ஸைச் சூழ்ந்துகொண்டு, அந்த நான்காவது முயற்சியில் அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அவர் வெண்டலின் காதில் வெகுநேரம் பேசினார். வெண்டலின் காது சிவந்தது, பிறகு கழுத்தும் சிவந்தது.

"கோச் சொல்றார்," என்றான் தன் சொந்தக் குரலில், "அது ரொம்ப நாளா மனசுல இருந்த திட்டமாம்."

"இவ்வளவு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் குடும்ப விஷயம் சார்."

உடை மாற்றும்போது வெண்டல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஸ்வோபோடா, இன்னிக்குத்தான்டா ஒரு மேட்ச் ஆடின மாதிரி இருக்கு. இதுக்காக என்னைத் துரத்தினாலும் பரவாயில்ல."

துரத்தவில்லை. செவ்வாய்க்கிழமை ஊர்வலம் நகர மண்டபத்தின் முன்னால் வந்து நின்றது. கிரெப்ஸ் ஊர்வல வண்டியின் மேல் மைக் முன் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். பின்னால் ஒளிந்து நின்ற வெண்டல் பேசினான். ஊருக்கு நன்றி, கஸ்ஸுக்கு நன்றி, திருமதி ஓஸ்பெக்கின் நாற்காலிகளுக்கு நன்றி. ஜனம் சிரித்துக் கை தட்டியது. அவனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"கடைசியா ஒரு நல்ல சேதி. அடுத்த வருஷத்துலேருந்து காலைப் பயிற்சி கிடையாது. பசங்க நல்லாத் தூங்கட்டும்."

நாங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தோம். கிரெப்ஸின் உதடு நின்றுபோனது. கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று முறை செருமினார். பிறகு, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல, ஐந்து நாளாக யாரும் கேட்காத அந்தத் தொண்டை திறந்தது.

"பொய். அஞ்சு மணிக்கு வந்து சேருங்க."

வெண்டல் அதற்குள் வண்டியிலிருந்து குதித்து, கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.